டெலிட் பண்ணினா போயிடுமா? ஒரு பேக்கப் டேப்பின் கதை

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்குறவங்க சாயந்திரமா வந்து நிதானமா படிச்சுக்கலாம்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலைல எங்க ப்ராஜெக்ட் ஃபோல்டர் காணாமப் போச்சு. டீம்ல எல்லாரும் சேர்ந்து பயன்படுத்துற டாக்குமெண்ட் ஷேரிங் தளத்துல இருந்த ஃபோல்டர். டிசைன் டாக்குமெண்ட், கிளையண்ட் ஒத்துக்கிட்டு அனுப்பின ஒப்புதல், டெஸ்ட் ரிசல்ட்னு ஒன்றரை வருஷ உழைப்பு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இருந்துச்சு, திங்கட்கிழமை இல்ல. புதன்கிழமை கிளையண்ட் கூட ரிவ்யூ வேற.

இந்த மாதிரி நேரத்துல ஆபீஸ்ல முதல்ல தேடுறது ஃபைலை இல்லீங்க, ஆளை. ஆளும் ரெடியா கிடைச்சான். எங்க டீம்ல ஆறு மாசத்துக்கு முன்னாடி சேர்ந்த பையன், திருவண்ணாமலைப் பக்கம். வெள்ளிக்கிழமை கடைசியா அந்த ஃபோல்டர்ல வேலை பாத்தது அவன்தான். "அண்ணா, நான் ஒரே ஒரு எக்ஸெல் ஷீட்டைத்தான் திறந்தேண்ணா, வேற எதையும் தொடவே இல்லண்ணா" அப்படின்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவனோட ரீசைக்கிள் பின்னைத் திறந்து காட்டினான், காலி. "காலி பண்ணிட்டியா?"ன்னு ஒருத்தர் கேட்டார். பாவம், அவன் என்ன பதில் சொல்வான்? நானும் சேர்ந்து ரெண்டு வார்த்தை திட்டினேன். அதை மறைக்க விரும்பல.

அந்த ஃபோல்டர் என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன். அதைத் தேடின ராத்திரி, "டெலிட் பண்ணின ஃபைலை ஆபீஸ் சிஸ்டத்துல இருந்து முதன்முதலா திருப்பி எடுத்து மாட்டின பெரிய கேஸ் எது?"ன்னு ஒரு யோசனை வந்துச்சு. நோண்ட ஆரம்பிச்சா அது நேரா வெள்ளை மாளிகைல போய் நின்னுச்சு. அதுதான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி, 'டெலிட்'னா என்னன்னு ஒரு நிமிஷம் பாத்துடலாம். பொட்டி தட்டுற மக்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், மத்தவங்களுக்காக. பழைய டாஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா, அந்த ஃபைலோட பேருக்கு முதல் எழுத்து இருக்குற இடத்துல ஹெக்ஸ் ஈ5ன்னு ஒரு அடையாளம் போடும். அந்த ஃபைல் உக்காந்திருந்த இடங்கள் எல்லாம் காலின்னு அட்டவணைல குறிச்சிடும். அவ்ளோதான். உள்ள இருக்குற விஷயம் அப்படியே கிடக்கும், வேற எவனாவது வந்து அதே இடத்துல எழுதுற வரைக்கும். வீட்டைக் காலி பண்ணல, வாசல்ல இருக்குற பெயர்ப் பலகையை மட்டும் கழட்டிட்டாங்க, அந்த மாதிரி. 1982ல பீட்டர் நார்ட்டன் இதைப் பிடிச்சுக்கிட்டு அன்இரேஸ்னு ஒரு புரோகிராம் எழுதி வித்தாரு, நார்ட்டன் யுடிலிட்டீஸ் அப்படித்தான் ஆரம்பம். 1983ல ஆப்பிள் லிசால குப்பைத்தொட்டி படம் வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 1991ல டாஸ் 5ல அன்டெலிட் கட்டளையைச் சேர்த்து, 1995ல விண்டோஸ்ல ரீசைக்கிள் பின் வச்சாங்க. காலேஜ்ல ரூம்மேட் பென்டிரைவ்ல இருந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் மீட்டுக் குடுத்து ஒரு பரோட்டா செட் வாங்கிச் சாப்பிட்டதும் இதே தத்துவத்துலதான்.

ஆனா இதெல்லாம் உங்க மேஜைல இருக்குற தனி பொட்டி. ஆபீஸ் சிஸ்டம் வேற ஜாதி. அங்க உங்க ஃபைல் உங்ககிட்ட இல்ல, வேற எங்கயோ ஒரு பெரிய மெஷின்ல இருக்கு. அதை வேற யாரோ ஒருத்தர் வாராவாரம் காப்பி எடுத்து வைக்கிறார். உங்களுக்கு அவர் முகம் தெரியாது. அவருக்கும் உங்க ரகசியத்துல அக்கறை இல்ல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஐபிஎம் கம்பெனி எண்பதுகள்ல ப்ராஃப்ஸ்னு ஒண்ணு வித்துச்சு. முழுப்பேரு ப்ரொஃபஷனல் ஆபீஸ் சிஸ்டம். மெயின்ஃப்ரேம்ல ஓடும். பச்சைக் கலர் எழுத்துத் திரைல உக்காந்து குறிப்பு அனுப்பலாம், டாக்குமெண்டை மாத்தி மாத்தி அனுப்பி ஒப்புதல் வாங்கலாம், காலண்டர் பாக்கலாம். இன்னைக்கு நம்ம ஆபீஸ்ல இருக்குற எல்லா தொல்லைக்கும் தாத்தா அதுதான். அமெரிக்காவோட தேசிய பாதுகாப்பு கவுன்சில் 1982ல இதைச் சோதனையா வச்சுப் பாத்து, 1985ல முழுசா பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. ரீகன் ஜனாதிபதியா இருந்த காலம்.

அந்த கவுன்சில்ல ஒரு மரைன் படை அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த். அவருக்கு மேல அட்மிரல் ஜான் பாயிண்டெக்ஸ்டர், 1985 டிசம்பர்ல இருந்து தேசிய பாதுகாப்பு ஆலோசகர். இவங்க ரெண்டு பேருக்கும் ப்ராஃப்ஸ் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாயிண்டெக்ஸ்டர் ஒரு தனி வழியே போட்டுக் குடுத்திருந்தாரு: நார்த் ஒரு குறிப்பிட்ட தலைப்பு போட்டு அனுப்பினா, நடுவுல இருக்குற அதிகாரிகள் யாரும் பாக்காம நேரா இவர் திரைக்கு வந்துடும். அவருக்கு முந்தின ஆலோசகர் ராபர்ட் மெக்ஃபார்லேன் பதவியை விட்டுப் போன பிறகும் அவர் வீட்டுல ப்ராஃப்ஸ் இணைப்பு இருந்துச்சு. வேலையை விட்டுப் போனவர் லாகின் அப்படியே இருக்குறது அப்பவே இருந்த வியாதிபோல!

அப்படி என்ன பேசிக்கிட்டாங்க? சுருக்கமா சொல்றேன். லெபனான்ல பிணைக்கைதிகளா இருந்த அமெரிக்கர்களை விடுவிக்க ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்தாங்க. வெளில ஈரானுக்கு யாரும் ஆயுதம் விக்கக்கூடாதுன்னு உலகத்துக்கே அட்வைஸ். அந்த வியாபாரத்துல வந்த லாபத்துல ஒரு பகுதியை நிகராகுவால அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போட்ட கான்ட்ரா படைகளுக்குத் திருப்பி விட்டாங்க. அந்தப் படைகளுக்கு உதவக்கூடாதுன்னு அமெரிக்க நாடாளுமன்றம் 1984லயே சட்டம் போட்டிருந்துச்சு. ஆக, ரெண்டு பக்கமும் மாட்டுற விஷயம்.

1986 நவம்பர் 3ஆம் தேதி லெபனான்ல வர்ற அஷ்ஷிரா பத்திரிகை ஆயுத விஷயத்தை வெளில விட்டுச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் சூடு. நவம்பர் 21ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் விசாரிக்கப் போறார்னு தெரிஞ்சதும் நார்த்தோட ஆபீஸ்ல காகிதம் கிழிக்கிற மெஷின் ஓட ஆரம்பிச்சுது. அவரோட செயலாளர் ஃபான் ஹால் சில பேப்பர்களை பூட்ஸுக்குள்ளயும் உடைக்குள்ளயும் வச்சு வெளில கொண்டு போனாங்க, பின்னாடி அவங்களே சாட்சி சொன்னது இது. இவ்வளவு கிழிச்சும், 22ஆம் தேதி மீஸோட ஆட்கள் நார்த் ஆபீஸ்ல தேடினப்ப, லாபத்தை கான்ட்ராவுக்குத் திருப்பினதைச் சொல்ற ஒரு குறிப்பு ஃபைலுக்குள்ளயே சிக்குச்சு. 25ஆம் தேதி பாயிண்டெக்ஸ்டர் ராஜினாமா, நார்த் டிஸ்மிஸ்.

பேப்பர் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. நமக்கு வேண்டியது திரைல நடந்தது. நவம்பர் 22லிருந்து ஒரு வாரத்துக்குள்ள பாயிண்டெக்ஸ்டர் கணக்குல இருந்து 5,012 குறிப்புகள் டெலிட் ஆச்சு. நார்த் கணக்குல எழுநூத்துக்கு மேல. எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு அல்ப சந்தேகம்: ஐயாயிரத்தையும் ஒண்ணொண்ணா உக்காந்து அமுக்கினாங்களா? நான் இன்பாக்ஸ்ல ஐநூறு மெயில் அழிக்கவே கை வலிச்சுப் போகும்.

அவங்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். ப்ராஃப்ஸ் ஓடின மெயின்ஃப்ரேமைப் பாத்துக்கிட்டது வெள்ளை மாளிகை தகவல் தொடர்பு ஏஜென்சி. அது ராணுவத்தோட பிரிவு. மெஷின் படுத்துட்டா திரும்ப எழுப்பணும்ங்கறதுக்காக அவங்க வழக்கமா டேப்ல பேக்கப் எடுப்பாங்க. கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு, அதே டேப் மேல அடுத்த பேக்கப்பை எழுதிடுவாங்க. டேப் விலைங்க, சும்மா சேத்து வைக்க முடியுமா? நவம்பர் 15ஆம் தேதி எடுத்த பேக்கப்பும் அந்த வரிசைலதான் நின்னுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா அது மேலயும் எழுதியிருப்பாங்க.

நவம்பர் 28ஆம் தேதி அந்த ஏஜென்சி ஊழியர்கள் 15ஆம் தேதி டேப்களை சுழற்சில இருந்து வெளில எடுத்துத் தனியா வச்சாங்க. அரசியல் நியமனம் இல்ல, நிரந்தர ஊழியர்கள். நம்ம ஊர் பாஷைல சொன்னா சிஸ்டம் அட்மின்கள். இந்த மொத்தக் கதைலயும் எனக்குப் பிடிச்ச ஆட்கள் அவங்கதான். டிவில வரல, மெடல் வாங்கல. ஒரு அலமாரில இருந்து எடுத்து வேற அலமாரில வச்சாங்க.

15ஆம் தேதி டேப்ங்கறது முக்கியம். டெலிட் ஆரம்பிச்சது 22ஆம் தேதி. அதனால அந்த டேப்ல எல்லாமே அழியாம இருந்துச்சு. இன்னொண்ணும் யோசிங்க. பழைய பேக்கப்ல இருந்து பின்னாடி இல்லாமப் போனது எதுன்னு பாத்தாலே, எதை மறைக்க நெனச்சாங்கன்னு பட்டியல் போட்டுக் குடுத்த மாதிரி. சும்மா விட்டிருந்தா ஆயிரக்கணக்கான குறிப்புல எது முக்கியம்னு தேடவே நாளாகியிருக்கும். டெலிட் பண்ணினதே அடிக்கோடு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

ரீகன் நியமிச்ச டவர் கமிஷன் (ஜான் டவர், எட்மண்ட் மஸ்கி, ப்ரென்ட் ஸ்கோக்ராஃப்ட்னு மூணு பேரு) இந்தக் குறிப்புகளைக் கைல வாங்கிச்சு. 1987 பிப்ரவரி 26ஆம் தேதி வந்த அறிக்கைல பக்கம் பக்கமா ப்ராஃப்ஸ் குறிப்புகளை எடுத்துப் போட்டிருந்தாங்க. அந்த வருஷம் ஜூலைல நாடாளுமன்ற விசாரணைல நார்த் சாட்சி சொன்னப்ப, அந்த பட்டனை அமுக்கினா நிரந்தரமா போயிடும்னு தாங்க எல்லாரும் மனசார நம்பினதா ஒத்துக்கிட்டாரு. தண்டனை? ரெண்டு பேர் மேலயும் குற்றம் நிரூபணமாச்சு, நார்த்துக்கு 1989ல, பாயிண்டெக்ஸ்டருக்கு 1990ல. நார்த் மேல இருந்ததுல ஆவணங்களை அழிச்சதும் ஒண்ணு. ஆனா நாடாளுமன்றத்துல பாதுகாப்பு உறுதி குடுத்து வாங்கின வாக்குமூலம் வழக்கைப் பாதிச்சிருக்கலாம்னு சொல்லி அப்பீல்ல ரெண்டுமே போச்சு.

பொதுவா இந்தக் கதையை இங்க முடிச்சிடுவாங்க. எனக்கு இதுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் சுவாரசியமா இருந்துச்சு.

1989 ஜனவரி 19. ரீகனுக்குப் பதவில கடைசி முழு நாள். கெளம்பும்போது ப்ராஃப்ஸ் டேப்களை எல்லாம் அழிச்சுட்டு, புதுசா வர்ற புஷ் ஆட்களுக்குச் சுத்தமான சிஸ்டம் குடுக்கலாம்னு திட்டம். நாம லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கும்போது ஃபார்மட் அடிக்கிற மாதிரி. நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ்ங்கற அமைப்போட நிறுவனர் ஸ்காட் ஆர்ம்ஸ்ட்ராங், அவரோட இன்னும் சிலர், அன்னைக்கே கோர்ட்டுக்கு ஓடினாங்க. பேருல ஆர்க்கைவ்னு இருந்தாலும் அது அரசு ஆபீஸ் இல்ல, ஆராய்ச்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் 1985ல ஆரம்பிச்சது. நீதிபதி பாரிங்டன் பார்க்கர் அழிக்கக்கூடாதுன்னு தடை போட்டாரு. அந்த வழக்கு ரீகன், புஷ், கிளிண்டன்னு மூணு ஜனாதிபதிகளைத் தாண்டி ஓடுச்சு. டவர் கமிஷன்ல உக்காந்து இதே டேப்களால பலன் அடைஞ்ச ஸ்கோக்ராஃப்ட்தான் புஷ்ஷோட பாதுகாப்பு ஆலோசகர். வழக்கை எதிர்த்துப் போராடினதும் அதே வெள்ளை மாளிகை. காமெடிதான்.

அரசாங்கத் தரப்பு வாதம் கேக்க நியாயமாத்தான் இருக்கும்: "முக்கியமான குறிப்பை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சிடுறோம். அப்புறம் திரைல இருக்குறதை அழிச்சா என்ன?" எதிர்த்தரப்பு சொன்னது: பிரிண்ட்ல எழுத்து வரும், ஆனா யார் யாருக்குப் போச்சு, எப்ப போச்சு, எப்ப வாங்கினாங்கங்கறது எல்லாம் வராது. ஒரு குழுவோட பேருக்கு அனுப்பியிருந்தா பிரிண்ட்ல குழுப் பேரு மட்டும் இருக்கும், உள்ள யார் இருந்தாங்கன்னு சிஸ்டம்லதான் தெரியும். ஒரு ஊழல் விசாரணைல கேக்குறதே "உனக்கு எப்பத் தெரியும்?"ங்கற கேள்விதானே? அந்த பதில் பேப்பர்ல இருக்காது.

1993 ஜனவரில நீதிபதி சார்லஸ் ரிச்சி இதை ஏத்துக்கிட்டு, மின்வடிவத்துல இருக்குறதும் அரசு ஆவணம்தான்னு தீர்ப்பு குடுத்தாரு. ஆகஸ்ட்ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. முழு விவரமும் இல்லாத பிரிண்ட், மூலத்துக்கு ரெட்டைப்பிள்ளை ஆகாது, சொந்தக்காரப் பிள்ளைன்னு வேணா சொல்லிக்கலாம்ங்கற அர்த்தத்துல தீர்ப்புல ஒரு வரி வருது. நடுவுல ஒரு நாடகம்: புஷ் பதவி விட்டுப் போறதுக்கு முந்தின நாள், 1993 ஜனவரி 19 ராத்திரி ஆயிரக்கணக்கான டேப்களை அவசர அவசரமா தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஏத்திட்டுப் போனாங்க. அதே நாள் காப்பகத் தலைவர் டான் வில்சன், அந்தத் தகவல்கள் மேல புஷ்ஷுக்கே கட்டுப்பாடு குடுக்குற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு. கொஞ்ச நாள்ல அவருக்கு புஷ் பேருல இருக்குற மையத்துல வேலை கிடைச்சுது. அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு 1995ல ரிச்சியே அடிச்சுத் தள்ளினாரு.

இதுக்கப்புறம் 1994ல வெள்ளை மாளிகைல மெயில்களைத் தானா சேமிக்கிற சிஸ்டம் வந்துச்சு. பாடம் கத்துக்கிட்டாங்களான்னா, எங்க? ஜூனியர் புஷ் காலத்துல லோட்டஸ் நோட்ஸ்ல இருந்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு மாறினப்ப அந்தச் சேமிப்பு சிஸ்டம் கூட வரல. டேப் மேல டேப் எழுதுற பழக்கமும் 2003 வரைக்கும் தொடர்ந்துச்சு. மறுபடியும் வழக்கு, மறுபடியும் தேடல். 2009 டிசம்பர்ல சமரசம் ஆனப்ப கண்டுபிடிச்சதா சொன்ன மெயில் எண்ணிக்கை 2.2 கோடி. மைக்ரேஷன்ல ஒரு சின்ன அயிட்டத்தை மறந்துட்டு "ஃபேஸ் 2ல பாத்துக்கலாம்"னு எவனோ சொல்லியிருப்பான்னு எனக்குத் தோணுது. நானே சொல்லியிருக்கேன்.

இப்ப நம்ம ஃபோல்டருக்கு வருவோம்.

இப்ப இருக்குற இந்த மாதிரி தளங்கள்ல ரெண்டு அடுக்குக் குப்பைத்தொட்டி இருக்கு. மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்ட்டை எடுத்துக்கிட்டா, 2003 பதிப்பு வரைக்கும் தொட்டியே கிடையாது. போனா போனதுதான், அட்மின் கால்ல விழுந்து பேக்கப்ல இருந்து எடுக்கணும். 2007 பதிப்புலதான் தொட்டி வந்துச்சு, ரெண்டு அடுக்கா. முதல் தொட்டியைக் காலி பண்ணினா ரெண்டாவதுக்குப் போகும், அது அட்மினுக்கு மட்டும் தெரியும். ஆன்லைன் பதிப்புல ரெண்டும் சேர்த்து 93 நாள். அதோட சாதாரண ஆள் தொட்டியைத் திறந்தா அவர் அழிச்சது மட்டும்தான் தெரியும். அட்மினா திறந்தாதான் எல்லார் அழிச்சதும் வரும், பக்கத்துலயே யார் அழிச்சதுங்கற காலமும் இருக்கும்.

எங்க தளமும் அதே ரகம். அட்மின் அனுமதி என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு, ஒரு வருஷமா பயன்படுத்தாம. திங்கட்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வந்து திறந்தேன். மொத்த ஃபோல்டரும் உக்காந்திருக்கு. அழிச்ச நேரம் சனிக்கிழமை காலை. அழிச்சவர் பேரு: எங்க லீடு.

வேணும்னு பண்ணல. லேப்டாப்ல இடம் இல்லைன்னு, சிங்க் ஆகி இருந்த ஃபோல்டரைத் தன்னோட காப்பின்னு நெனச்சு அழிச்சிருக்கார். அது சர்வர்ல இருந்தும் எடுத்துட்டுப் போயிடுச்சு. அந்தப் பையனோட தொட்டி ஏன் காலியா இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா? அவன் எதையும் அழிக்கல, அதனால காலி. அதையே அவனுக்கு எதிரான சாட்சியா வச்சுத் திட்டியிருக்கோம்.

ரீஸ்டோர் பட்டனை அமுக்கப் போன கை நின்னுச்சு. திருப்பி எடுத்துட்டா தொட்டில இருந்து அந்த வரி போயிடும். யார் அழிச்சாங்கங்கறதும் கூடவே போயிடும். ஆடிட் லாக்ல இருக்கும்தான், ஆனா அதைத் திறக்குற அனுமதி எனக்கு இல்ல. அதனால முதல்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன், அப்புறம் ரீஸ்டோர். நாப்பது நிமிஷத்துல எல்லாம் வந்துடுச்சு.

மறுநாள் காலைல லீடுகிட்ட தனியா காட்டினேன். ஒரு நிமிஷம் பாத்தார். "சரி விடுப்பா, கிடைச்சிடுச்சுல்ல"ன்னார். டேமேஜருக்குப் போன மெயில்ல 'சிங்க் பிரச்சினையால் கோப்புறை நீங்கியது, தற்போது மீட்கப்பட்டது'ன்னு இருந்துச்சு. பொய் இல்ல. யார் பேரும் இல்ல. ஆனா முந்தின நாள் குரூப் சாட்ல அந்தப் பையன் பேரு இருந்துச்சே, அதை யாரும் எடுக்கல.

டீக்கடைல அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு போன்ல ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். "குரூப்ல போடட்டுமா, இல்ல டேமேஜர்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம், "வேணாம்ணா. எனக்கு அப்ரைசல் இருக்கு, லீடு சார் தப்பா நெனச்சுக்குவாரு. அதை டெலிட் பண்ணிடுங்கண்ணா"ன்னான்.

அவன் கண்ணு முன்னாடியே டெலிட் பண்ணினேன். என் போன்லயும் ஒரு குப்பைத்தொட்டி இருக்குன்னு அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல. டீக்கு அவன்தான் காசு குடுத்தான்.